பழி பயாஸ் மேல்

விர்ச்சுவல் மெஷின் தொடங்க மறுத்தால் ஊர் முழுக்கச் சொல்லப்படும் மருந்து ஒன்றுதான்: "பயாஸ்ல போய் விடி ஆன் பண்ணுங்க, ஓடிடும்." முகப்பேர் கிழக்கிலும் மேற்கிலும் உள்ள லேப்டாப் சர்வீஸ் கடைகள், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துப் பொறியியல் கல்லூரி லேபுகள், அம்பத்தூர் எஸ்டேட் அலுவலகங்களின் ஹெல்ப்டெஸ்க் என்று எங்கே கேட்டாலும் இதுவே முதல் பதில். அது பலிக்காவிட்டால் இரண்டாவது பதில், "ஃபார்மட் அடிச்சுடலாம்." அதற்கும் மசியாவிட்டால், "மெஷின் பழசு சார், மாத்திடுங்க." மூன்று பதில்களுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை. ‘விடி’ எனப்படும் ஹார்டுவேர் மெய்நிகராக்கம் என்பது கணினிக்குள் இருக்கும் ஒரு சுவிட்ச். பிழைச் செய்தி வந்தால் சுவிட்ச் அணைந்து கிடக்கிறது, அல்லது சுவிட்சே இல்லை. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த நம்பிக்கை சரியாக இருந்தது. இன்று விற்பனையாகும் விண்டோஸ் 11 லேப்டாப்பில் அது பெரும்பாலும் தவறான இடத்தைக் காட்டுகிறது. வசதி இருக்கிறது, இயக்கத்திலும் இருக்கிறது. விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் கேட்பதற்கு முன்பே வேறொரு மென்பொருள் அதை எடுத்துக்கொண்டுவிட்டது.

பழைய நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் மீது கொஞ்சம் மரியாதையே வரும். ஒரு பிராசஸரை முழுமையாக மெய்நிகராக்க அதன் கட்டளைகள் எப்படி அமைந்திருக்க வேண்டும் என்பதை போபெக், கோல்ட்பர்க் இருவரும் 1974-இல் வரையறுத்தார்கள். இன்டெலின் எக்ஸ்86 வகை அந்தத் தேர்வில் தேறவில்லை. பென்டியம் பிராசஸரில் 17 கட்டளைகள் அந்த விதிகளை மீறுகின்றன என்று ராபின், இர்வின் இருவரும் 2000-இல் எண்ணிக் காட்டினார்கள். விஎம்வேர் நிறுவனம் 1999-இலேயே இதற்கு ஒரு சுற்றுவழி கண்டது: விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓடும் விருந்தினர் இயங்குதளத்தின் சிக்கலான கட்டளைகளை, ஓடும்போதே வேறு கட்டளைகளாக மாற்றி எழுதுவது. ஹார்டுவேர் உதவி அதன் பிறகுதான் வந்தது. இன்டெல் தன் விடி-எக்ஸ் வசதியை 2005 நவம்பரில் பென்டியம் 4 வரிசையின் 662, 672 ஆகிய இரு மாடல்களில் கொண்டுவந்தது. ஏஎம்டி தன் பதிலை 2006-இல் தந்தது.

அப்போதைய நிலைமை உண்மையிலேயே குழப்பமானது. ஒரே பெயர் வரிசையில் ஒரு பிராசஸருக்கு வசதி உண்டு, பக்கத்து எண்ணுக்கு இல்லை. கோர் 2 குவாட் க்யூ8200-இல் விடி-எக்ஸ் கிடையாது. சின்ன நெட்புக்குகளில் வந்த ஆட்டம் என்270-இலும் கிடையாது. வசதி இருந்த கணினிகளிலும் தயாரிப்பாளர்கள் அதை அணைத்தே அனுப்பினார்கள். காரணம் வெறும் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸையே அதற்குத் தெரியாமல் ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் தள்ளிவிட முடியும் என்று ஜோவான்னா ருட்கோவ்ஸ்கா 2006-இல் ‘புளூ பில்’ என்ற செயல்விளக்கத்தில் காட்டியிருந்தார். சோனி தன் வயோ லேப்டாப்புகள் பலவற்றில் வசதியைப் பூட்டியதோடு, அதைத் திறக்கும் வரியையே பயாஸில் வைக்கவில்லை. 2009-இல் விண்டோஸ் 7 வந்தபோது பழைய எக்ஸ்பி மென்பொருள்களை ஓட்டும் அதன் எக்ஸ்பி மோடு ஹார்டுவேர் வசதியைக் கட்டாயமாகக் கேட்டது. புகார்கள் குவிந்ததும் மைக்ரோசாஃப்ட் 2010 மார்ச்சில் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டது. "பயாஸைப் பார்" என்ற அறிவுரை இந்தக் காலத்துப் பிள்ளை. அன்று அது மிகச் சரியான அறிவுரை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அறிவுரை சொல்பவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. 2012-இல் விண்டோஸ் 8-இன் ப்ரோ பதிப்பிலிருந்து, விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி சாதாரண மேசைக் கணினிக்கும் வந்தது. அதைத் தேவைப்பட்டவர்கள் மட்டும் இயக்கினார்கள். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2, 2020-இல் பரவலாக வந்தபோது அதே ஹைப்பர்வைசர் புரோகிராமர்களின் கணினிகளில் குடியேறியது. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்ததும், தகுதியுள்ள புதுக் கணினிகளில் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு தொழிற்சாலையிலிருந்தே இயக்கப்பட்டு வரத் தொடங்கியது. டிரைவர்களைச் சரிபார்க்கும் வேலையை, விண்டோஸின் கர்னலே தொட முடியாத ஒரு தனி அறைக்குள் வைத்துச் செய்வது அதன் வேலை. அந்த அறையைக் கட்டுவது ஹைப்பர்-வி ஹைப்பர்வைசர். அது கட்டப்படுவது விடி-எக்ஸின் மேல்.

இங்கே நடப்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. விடி-எக்ஸ் இயங்கும்போது பிராசஸருக்கு இரண்டு நிலைகள்: நிர்வாகம் செய்யும் ஹைப்பர்வைசருக்கு மேல்நிலை, அதன் கீழ் ஓடும் இயங்குதளங்களுக்குக் கீழ்நிலை. மேல்நிலையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்கார முடியும். ஹைப்பர்-வி இயங்கும் கணினியில் அந்த இடம், விண்டோஸ் திரைக்கு வருவதற்கு முன்பே நிரம்பிவிடுகிறது. பயனர் பார்க்கும் விண்டோஸே அதன் கீழ் ஓடும் சலுகை பெற்ற ஒரு விருந்தினர்தான். அந்த விண்டோஸுக்குள்ளிருந்து விர்ச்சுவல்பாக்ஸ் பிராசஸரிடம் "விடி-எக்ஸ் உண்டா?" என்று கேட்டால், இடையில் நிற்கும் ஹைப்பர்-வி "இல்லை" என்று பதில் தரும். மண்டபம் இருக்கிறது, கரண்டும் இருக்கிறது, உள்ளே வேறு வீட்டுக் கல்யாணம் நடக்கிறது. வாசலில் நிற்பவரிடம் போய் மெயின் சுவிட்சைப் போடச் சொல்வதுதான் இன்றைய அறிவுரை.

இது வெறும் ஊகம் என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் பிழைச் செய்தியே இரண்டையும் பிரித்துச் சொல்கிறது. யாரும் அதை முழுதாகப் படிப்பதில்லை. பயாஸில் வசதி அணைந்திருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ், ‘விடி-எக்ஸ் பயாஸில் எல்லா நிலைகளுக்கும் அணைக்கப்பட்டுள்ளது’ என்ற பொருளில் ஒரு வரியைத் தந்து, ‘ஆல் விஎம்எக்ஸ் டிஸேபிள்ட்’ என்று முடியும் குறியீட்டைப் போடும். வசதியே கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் குறியீடு ‘நோ விஎம்எக்ஸ்’ என்று முடியும். இரண்டாவது குறியீடு புதிய கணினியில் வந்தால் பயாஸில் தேட ஒன்றுமில்லை. விஎம்வேர் இன்னும் வெளிப்படை: விண்டோஸின் பாதுகாப்பு வசதிகளான டிவைஸ் கார்டு, கிரெடென்ஷியல் கார்டு ஆகியவற்றுடன் தன்னால் சேர்ந்து ஓட முடியாது என்று அதன் பழைய பதிப்புகள் பெயர் சொல்லியே முறையிட்டன. கடைக்காரர் இத்தனை வேறுபாட்டையும் "விடி எரர்" என்ற இரண்டு சொல்லில் அடக்கிவிடுகிறார்.

பிழைச் செய்தி கையில் இல்லாவிட்டாலும் சோதனை எளிது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியூவைச் சொடுக்கினால் கீழே ‘விர்ச்சுவலைசேஷன்’ என்று ஒரு வரி இருக்கும். ‘டிஸேபிள்ட்’ என்றிருந்தால் பயாஸ் அறிவுரை வென்றது. ‘எனேபிள்ட்’ என்றிருந்தால் பயாஸ் நிரபராதி, அந்தப் பக்கம் போகவே வேண்டாம். அடுத்ததாக ‘சிஸ்டம்இன்ஃபோ’ கட்டளையின் கடைசிப் பகுதியைப் பார்க்க வேண்டும். ஹைப்பர்வைசர் ஏதும் ஓடாத கணினியில் அங்கே நான்கு வரிகள், ஒவ்வொன்றுக்கும் ‘யெஸ்’ அல்லது ‘நோ’ என்ற பதிலோடு வரும். ஏற்கெனவே ஒன்று ஓடினால் நான்கும் மறைந்து, ‘ஒரு ஹைப்பர்வைசர் கண்டறியப்பட்டது’ என்ற ஒற்றை வரி மட்டும் நிற்கும். அதைப் பிழை என்று நினைத்துப் பதறுகிறவர்கள் உண்டு. அது பிழையே இல்லை. வசதியை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கான சாட்சி.

மாணவர்கள் இதில் மாட்டிக்கொள்வதற்குப் பாடத்திட்டமும் ஒரு காரணம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் கிளவுட் கம்ப்யூட்டிங் லேபின் முதல் பயிற்சி, விண்டோஸ் 7 அல்லது 8-இன் மேல் விர்ச்சுவல்பாக்ஸோ விஎம்வேரோ நிறுவி, அதில் லினக்ஸை ஏற்றுவது. அடுத்தது, அந்த மெஷினுக்குள் சி கம்பைலரைப் போட்டு எளிய நிரல்களை ஓட்டுவது. விண்டோஸ் 7-இல் ஹைப்பர்-வி இல்லை, மெமரி இன்டெக்ரிட்டியும் இல்லை. ஆகவே அந்தக் காலத்தில் எழுதப்பட்ட லேப் குறிப்பேடுகளில் பயாஸ் மட்டும்தான் இருக்கும். 2021 ஒழுங்குமுறை விண்டோஸ் 8-உம் அதற்கு மேலும் என்று வரம்பைத் தளர்த்தியது. அதோடு, பட்டியலின் கடைசியில் டாக்கர் கன்டெய்னர் பயிற்சிகளையும் சேர்த்தது. விண்டோஸில் டாக்கர் டெஸ்க்டாப் வழக்கமாக டபிள்யூஎஸ்எல் 2-ஐக் கேட்கும். அது ஹைப்பர்வைசரை எழுப்பும். செமஸ்டர் தொடக்கத்தில் ஒழுங்காக ஓடிய விர்ச்சுவல்பாக்ஸ், டாக்கர் பயிற்சி முடிந்தபின் செய்முறைத் தேர்வுக்காகத் திரும்பத் திறக்கும்போது முரண்டு பிடித்தால் அதில் மர்மம் எதுவும் இல்லை. பயாஸை யாரும் தொடவில்லை. பாடத்திட்டத்தின் ஒரு பயிற்சி இன்னொரு பயிற்சியின் காலை வாரிவிட்டது. இந்த ஒரு வரியை லேப் குறிப்பேட்டில் சேர்ப்பது, கணினியை மாற்றச் சொல்வதைவிட மலிவு.

இனி ஃபார்மட் பற்றி. இது மூன்று அறிவுரைகளிலும் மோசமானது, ஏனென்றால் நோயை அதிகப்படுத்துகிறது. பழைய விண்டோஸ் 10-இலிருந்து மேம்படுத்தப்பட்ட கணினியில் மெமரி இன்டெக்ரிட்டி அணைந்தே இருக்க வாய்ப்புண்டு. அதே கணினியில் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவினால், தகுதியுள்ள ஹார்டுவேராக இருக்கும்பட்சத்தில் அது தானாகவே இயங்கத் தொடங்கும். விர்ச்சுவல் மெஷினுக்கு வழி திறக்க ஃபார்மட் செய்தவர், வழியை அடைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார். ப்ராஜெக்ட் கோப்புகள் போனது தனிக் கணக்கு. புது லேப்டாப் வாங்குவதிலும் இதே கோளாறு: எவ்வளவு புதிதோ அவ்வளவு உறுதியாக அதில் ஹைப்பர்வைசர் ஓடும்.

ரேம் போதவில்லை என்பது இன்னொரு வழக்கமான தீர்ப்பு. 2011 முதல் தமிழக அரசு விலையில்லாமல் வழங்கிய லேப்டாப்புகளின் தொடக்கக் காலத் தொகுதிகள் 2 ஜிபி ரேமோடு, விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தன. அவற்றில் விர்ச்சுவல் மெஷினுக்கு 1 ஜிபி ஒதுக்கினால் இரண்டு பக்கமும் மூச்சு முட்டும் என்பது உண்மை. ஆனால் ரேம் பற்றாக்குறையின் அறிகுறி வேறு. மெஷின் தொடங்கும், பிறகு ஆமைபோல் நகரும், ஹார்டு டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும். விடி-எக்ஸ் பற்றிய செய்தி தொடக்கத்திலேயே வந்து நின்றுவிட்டால், ரேமைக் கூட்டினாலும் அந்தச் செய்தி எழுத்து மாறாமல் திரும்ப வரும்.

யூடியூபில் வேறொரு கட்சி இருக்கிறது. ஹைப்பர்-விதான் குற்றவாளி என்பதை அது சரியாகவே கண்டுபிடித்துவிட்டது. தீர்ப்பில்தான் கை மீறுகிறது. மெமரி இன்டெக்ரிட்டியை அணை, விண்டோஸ் ஃபீச்சர்ஸில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் எல்லாவற்றின் டிக்கையும் எடு, பிறகு ‘பிசிடிஎடிட்’ கட்டளையால் ஹைப்பர்வைசரின் தொடக்கத்தையே நிறுத்து. பலிக்கும், மறுக்க முடியாது. ஆனால் மெமரி இன்டெக்ரிட்டி அலங்காரத்துக்கு வைத்ததல்ல. திருட்டு டிரைவர்கள் வழியாகக் கர்னலுக்குள் நுழையும் தாக்குதலைத் தடுக்கும் வேலியே அதுதான். கிராக் செய்த மென்பொருள் தாராளமாகப் புழங்கும் கணினியில் அந்த வேலியைப் பிடுங்கிவிட்டு, ஒரு சி நிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, திரும்ப நடாமல் விடுவது நல்ல வியாபாரம் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்பவரின் அலுவலக லேப்டாப் என்றால் அந்த முடிவு அவருடையதும் இல்லை. விண்டோஸ் 11-இன் என்டர்பிரைஸ் பதிப்பில் கிரெடென்ஷியல் கார்டு 22எச்2 வெளியீடு முதல் தகுதியுள்ள கணினிகளில் தானே இயங்குகிறது; நிறுவனத்தின் கொள்கை அதைப் பூட்டியும் வைத்திருக்கலாம்.

வேலைக்குத் தகுந்தபடி வழிகள் உண்டு. விர்ச்சுவல்பாக்ஸ் 6.0 முதல் ஹைப்பர்-வியின் மேலேயே ஏறி ஓடும் ஏற்பாடு இருக்கிறது. அப்படி ஓடும்போது சாளரத்தின் அடியில் ஒரு பச்சை ஆமைச் சின்னம் தெரியும். வேகம் குறையும், சில மெஷின்கள் தடுமாறும், கம்பைலர் பயிற்சிக்கு அது தாராளம். விஎம்வேர் 15.5.5 முதல் அதே பாதைக்கு வந்துவிட்டது, பொதுவாக அங்கே ஓட்டம் இன்னும் சீராக இருக்கிறது. 2024 நவம்பர் முதல் அது எல்லோருக்கும் இலவசமும் கூட. ப்ரோ பதிப்பு வைத்திருப்பவர் ஹைப்பர்-வியையே நேரடியாகப் பயன்படுத்தலாம். கடையில் வாங்கும் லேப்டாப்புகளில் பெரும்பாலும் வரும் ஹோம் பதிப்பில் ஹைப்பர்-வி மேனேஜர் கிடையாது, ஆனால் டபிள்யூஎஸ்எல் 2 உண்டு. லினக்ஸில் சி எழுத அதுவே போதும். உள்ளுக்குள் இன்னொரு ஹைப்பர்வைசரை ஓட்டிப் படிப்பது போன்ற கனமான வேலைக்கு மட்டும் ஹைப்பர்-வியை அணைப்பதில் நியாயம் உண்டு. அப்போதும் ஷட்டவுன் கொடுத்துத் திறப்பதைவிட ரீஸ்டார்ட் கொடுப்பதே சரி. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும் விண்டோஸ், ஷட்டவுன் ஆகும்போது கர்னலை முழுதாக மூடுவதில்லை.

விடியை இயக்கினால் பிராசஸர் சூடேறும், ஆயுள் குறையும், வைரஸ் நுழையும் என்ற பேச்சுக்கு நீண்ட மறுப்பு தேவையில்லை. முகப்பேரிலிருந்து சில கிலோமீட்டரில், அம்பத்தூரில், என்டிடி நிறுவனத்தின் தரவு மையம் இருக்கிறது. இத்தகைய மையங்களில் கிளவுட் வாடிக்கையாளர்களின் சர்வர்கள் ஓடுவதே இந்த வசதியின் மேல்தான், இரவு பகல் பாராமல். வசதி இயங்குவதால் மட்டும் சூடு வராது; மெஷின் செய்யும் வேலையால் வரும்.

பழைய அறிவுரை இன்னும் வெல்லும் இடங்களையும் சொல்லியாக வேண்டும். டாஸ்க் மேனேஜர் ‘டிஸேபிள்ட்’ என்று சொன்னால் பயாஸுக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. கணினி தொடங்கும்போது பயாஸ் பிராசஸருக்குள் இருக்கும் ஒரு பதிவேட்டில் இந்த அனுமதியை எழுதி, அதன் மேல் ஒரு பூட்டையும் போட்டுவிடுகிறது. அடுத்த ரீசெட் வரை விண்டோஸோ லினக்ஸோ அதை மாற்ற முடியாது. ஆகவே பயாஸுக்குப் போகாமலேயே ரெஜிஸ்ட்ரியில் விடியை இயக்குவதாகச் சொல்லும் வீடியோக்கள் முழுப் பொய். ஏஎம்டி கணினிகளில் ‘விடி’ என்று தேடினால் கிடைக்காமல் போகலாம். அங்கே பல மதர்போர்டுகளில் பெயர் ‘எஸ்விஎம் மோடு’. பயாஸுக்குள் நுழையும் விசை பிடிபடவில்லை என்றால் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, மேம்பட்ட அமைப்புகள் வழியாகப் போகலாம். போகும் முன், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைக் குறித்துக்கொள்வது அவசியம். பயாஸ் அமைப்பு மாறியதைக் கண்டதும் சில கணினிகள் அந்தச் சாவியைக் கேட்டு நின்றுவிடும். "விடி ஆன் பண்ணுங்க" என்று சொல்லும் கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

லினக்ஸுக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்பவர்களும் அவசரப்படுகிறார்கள். அங்கே போட்டி கேவிஎம்முக்கும் விர்ச்சுவல்பாக்ஸுக்கும். 2007-இல் லினக்ஸ் 2.6.20-இல் சேர்ந்த ஹைப்பர்வைசரான கேவிஎம், நெடுங்காலம் தன் மெஷின் ஒன்று ஓடும்போது மட்டுமே மேல்நிலையைப் பிடித்தது. 2024 நவம்பரில் வந்த 6.12 கர்னல் இந்த வழக்கத்தை மாற்றியது: கேவிஎம் மாட்யூல் ஏறியவுடனேயே இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கர்னல் அப்டேட் ஆன மறுநாள் விர்ச்சுவல்பாக்ஸ் ‘விஎம்எக்ஸ் ரூட் மோடில் ஏற்கெனவே யாரோ இருக்கிறார்கள்’ என்ற பொருளில் செய்தி தந்தால் காரணம் இதுதான். கேவிஎம் மாட்யூலை இறக்கிவிட்டாலோ, அதன் ‘எனேபிள் விர்ட் அட் லோட்’ என்ற அளவுருவைப் பூஜ்யமாக்கிக் கணினியைத் தொடங்கினாலோ தீர்ந்தது. இங்கும் பயாஸுக்கு வேலையில்லை.

மீதமிருக்கும் நிலைமைகள் இரண்டு. கல்லூரியோ அலுவலகமோ தரும் கணினி சில வேளை தானே ஒரு விர்ச்சுவல் மெஷினாக இருக்கும். டாஸ்க் மேனேஜரில் ‘விர்ச்சுவல் மெஷின்: யெஸ்’ என்றிருந்தால் அப்படித்தான். அதற்குள் இன்னொன்றை ஓட்ட வேண்டுமானால், அனுமதியைத் தர வேண்டியது வெளியே இருக்கும் ஹைப்பர்வைசரின் நிர்வாகி. உள்ளே இருப்பவர் எத்தனை முறை மீண்டும் நிறுவினாலும் பயனில்லை. இன்னொன்று, ஆப்பிளின் எம் வரிசையும் ஸ்னாப்டிராகன் லேப்டாப்புகளும். அவற்றில் விடி-எக்ஸ் இல்லை என்பது உண்மை, ஏனென்றால் அவை இன்டெல் வகையே இல்லை. ஏஆர்எம் வகைக்கு மெய்நிகராக்க வசதி தனியாக உண்டு. அங்கே ‘மெஷின் சரியில்லை’ என்று முடிவு கட்டுபவர் பெரும்பாலும் இன்டெலுக்கான உபுண்டு ஐஎஸ்ஓவை வைத்துக்கொண்டு போராடியிருப்பார். விர்ச்சுவல்பாக்ஸ் 7.1 முதல் ஆப்பிளின் எம் வரிசையிலும், 7.2 முதல் ஏஆர்எம் விண்டோஸிலும், ஏஆர்எம்முக்கான ஐஎஸ்ஓவைக் கொடுத்தால் உபுண்டு ஓடும்.